ஆறு மைல் தள்ளி

நகராட்சிக் கட்டடத்தின் நிலவறையில் குழல்விளக்கு ரீங்கரிக்கிறது. இங்கிலாந்து, 1962. அணுகுண்டு விழுந்தால் ஊரை நடத்தப் போகிறவர்களுக்கு இன்று ஒத்திகை. தொண்டர் எனிட் பாக்ஸ்டரின் கையில் செல்லுலாய்டு வட்டத்தட்டு. குண்டின் வலிமையையும் தூரத்தையும் பொருத்தித் திருப்பினால் எது மிஞ்சும் என்று சொல்லிவிடும். இன்றைய கற்பனைக் குண்டு ஒரு மெகாடன், விழுவது ரயில் நிலையத்தில். இங்கிருந்து ஒன்றரை மைல். அவள் தட்டைத் திருப்புகிறாள். “இந்தக் கட்டடமே இருக்காது சார். நாமளும்தான்.” ஒத்திகையை நடத்தும் மேஜர் திரோப் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே, சுவர் வரைபடத்தில் குண்டு விழும் இடத்தைக் காட்டும் ஊசியைப் பிடுங்கி ஆறு மைல் தள்ளிக் குத்துகிறார். அந்த இடம் ஏற்கெனவே சல்லடையாக இருக்கிறது. “வருஷா வருஷம் இப்படித்தாம்மா. நாம செத்துட்டா ஒத்திகைய யாரு நடத்துறது? மறுபடி பாருங்க.” சுற்றிலும் மற்ற தொண்டர்களின் பென்சில்கள் காத்திருக்கின்றன. எனிட் எழுந்து போய் ஊசியைப் பிடுங்கி, ரயில் நிலையத்திலேயே நகம் வெளுக்க அழுத்திக் குத்துகிறாள். “குண்டு போடுறவன் உங்களக் கேட்டுட்டா போடுவான்?” தொலைபேசி அலறுகிறது. ஒத்திகைப்படி சேத விவரம் கேட்கும் மாவட்டத் தலைமையகம்தான். மேஜரின் கை நீள்கிறது. அதற்குள் எனிட்டின் உள்ளங்கை ரிசீவர்மேல் விழுந்துவிடுகிறது. “எடுக்காதீங்க சார். செத்தவங்க போன் எடுக்க மாட்டாங்க.” மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.