ஒரே போனில் வந்தவர்

பிளம்பிங் கம்பெனிக்கு அவள் போன் செய்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கருவிப் பையுடன் பிளம்பர் வாசலில் நின்றார்.

“வாங்க சார். பாத்ரூம்ல கணுக்கால் வரைக்கும் தண்ணி நிக்குது” என்றாள் அவள்.

பிளம்பர் அவள் முகத்தைப் பார்க்காமல் நேராகப் போனார். குந்தி உட்கார்ந்து, தரையில் இருந்த சல்லடை மூடியை முக்கி முனகிக் கழற்றினார். கம்பியை விட்டு இழுத்ததும் முடியும் சோப்பும் திரண்டு, செத்த எலி மாதிரி ஓர் உருண்டை வந்தது. தண்ணீர் கடகடவென்று இறங்கியது.

“இவ்ளோ நாள் விட்டிருக்கக் கூடாது மேடம். வாரத்துக்கு ஒரு தடவை மூடியைக் கழட்டி முடியை எடுத்துடணும்.”

“மூடி இறுகிப் போச்சு சார், என்னால அசைக்கவே முடியல. வீட்டுக்காரர்கிட்ட ஒரு மாசமா கரடியா கத்தறேன், காதுல போட்டுக்கிட்டாத்தானே!”

பிளம்பர் தொண்டையைச் செருமினார். “பாவம், அவருக்கு என்ன வேலையோ மேடம்.”

அவள் போன் அடித்தது. பிளம்பரின் கம்பெனியிலிருந்து ஒரு பெண். “எங்க ஆள் ஒழுங்கா வேலை செஞ்சாராம்மா?”

“தங்கமான மனுஷர்! ஒரே போன்ல ஓடி வந்துட்டாரு” என்றாள், வேண்டுமென்றே உரக்க.

அவள் போனை வைத்ததும் பிளம்பர் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். “போதும்டி, கட்டின புருஷன் மானத்தை வாங்கினது. பசிக்குது, சோத்தைப் போடு.”

“அதுக்கும் கம்பெனிக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க சார்!”