வைப்பருக்குக் கீழே

"கண்ணாடி ரப்பர்தான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்..."

"ரப்பர் இல்லப்பா! அதை நான்தான் போன மாசமே..."

"...கேட்டாத்தானே நீ!"

"...மாத்திட்டேனே! முதல்ல தண்ணியை நிறுத்துங்க!"

காரின் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றப்பட்டிருந்தன. அப்பா வெளியே ரப்பர் குழாயைப் பிடித்தபடி கத்தினார். மகள் உள்ளே, டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுத்துக்கொண்டு, வாயில் கவ்விய டார்ச்சை எடுத்து எடுத்துக் கத்தினாள். பாதி வார்த்தைகள் கண்ணாடியில் முட்டி அங்கேயே நின்றுவிட்டன.

காருக்குப் பதினெட்டு வயது. அவளைவிட எட்டு வயதுதான் இளையது. சொந்தச் சம்பாத்தியத்தில் அவள் வாங்கிய முதல் பெரிய பொருள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேமுக்குத் திருகு மாட்டும் கை அவளுடையது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் டேஷ்போர்டை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப்போட்டு, பச்சை பூத்த ஒயர் முனைகளைத் தேய்த்து, செத்துக் கிடந்த மீட்டருக்கு உயிர் கொடுத்திருந்தாள். அதில் உடைந்துபோன, காற்று வரும் குட்டி ஜன்னலுக்குக்கூடப் பழைய சாமான் கடைகளில் அலைந்து ஜோடி பிடித்துவிட்டாள்.

தண்ணீர்தான் நிற்கவில்லை.

ஆரம்பத்தில் சொட்டு. இந்த மழைக்குக் காலடியில் குளம். இப்படியே விட்டால் அந்த மீட்டரும் மறுபடி செத்துப்போகும்.

காலையிலேயே பேச்சு முடிந்திருந்தது. சாயங்காலத்துக்குள் தண்ணீர் நிற்காவிட்டால், நாளைக்குப் பழைய இரும்புக்காரர் வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போவார். ரோஷத்தில் அவளும் சரியென்று தலையாட்டிவிட்டாள்.

அப்பா பிளம்பர். அக்கம்பக்கத்தில் பாதிக் குளியலறை அவர் கைபட்டது. தண்ணீர் விஷயத்தில் அவர் 'தேறாது' என்று சொல்லிவிட்டால், தெருவில் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

"நிறுத்திட்டேன்! இப்ப என்னங்கறே?"

"சும்மா இருங்கப்பா. எண்ணிக்கிட்டிருக்கேன்."

ஊற்ற ஆரம்பித்து வெகுநேரம் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. வர ஆரம்பித்த பிறகு, குழாயை நிறுத்தியும் நிற்கவில்லை. காற்று ஊதும் ஃபேனின் வாய் வழியாக ஒழுகி, நேராக அவள் காதுக்குள் இறங்கியது.

நனைந்த தலையோடு வெளியே வந்தாள்.

"அப்பா, இது கசிவே இல்ல. எங்கேயோ தேங்கி, நிரம்பி வழியுது. வைப்பருக்குக் கீழ இருக்கிற கறுப்பு மூடியைக் கழட்டப் போறேன்."

"அதை எதுக்குக் கழட்டறே? அங்கெல்லாம் கச்சிதமா இருக்கு!"

சொன்ன வேகத்தில், தொட்டியில் தண்ணீர் தீர்ந்திருக்கும், மோட்டார் போட வேண்டும் என்று உள்ளே போய்விட்டார்.

மூடியைத் தூக்கினாள். அடியில் நீளமான தகரப் பள்ளம். விளிம்பு வரை தண்ணீர்.

கண்ணாடியில் வழியும் மழை அந்தப் பள்ளத்தில் விழுந்து, இரண்டு மூலையிலும் இருக்கும் ஓட்டை வழியாகச் சக்கரத்தடிக்கு இறங்கிவிட வேண்டும். கையை விட்டுத் துழாவினாள். ஓட்டைகளைக் காணோம்.

அந்த இடத்தில் வெள்ளைப் பசை. ஈரக் கட்டைவிரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்ட பூச்சு. ஓரத்தில் ஒரு பிசிறில்லை.

அந்த இழுப்பைத்தான் அவள் தினமும் காலையில் பல் தேய்க்கும்போது பார்க்கிறாள், வாஷ்பேசின் ஓரத்தில்.

காலில் தண்ணீர் சொட்டுகிறது என்று ஒருநாள் சாப்பிடும்போது புலம்பியிருந்தாள். அந்தச் சொட்டு கண்ணாடி ரப்பரால் வந்தது; அதைப் பிறகு அவளே மாற்றிவிட்டாள். ஆனால் புலம்பின மறுநாளே, அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து அப்பா பசையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கண்ணில் பட்ட ஓட்டையை எல்லாம் அடைத்திருக்கிறார். வீட்டில் ஓட்டையை அடைத்தால் தண்ணீர் நிற்கும். வண்டியில் அடைத்தால் உள்ளே வரும். குழாய் வேலைக்காரருக்கு அது எங்கே தெரியும்?

தன் பூச்சுக்கே நிற்காத தண்ணீர் வேறு எதற்கு நிற்கப் போகிறது என்று, வண்டியையே கைகழுவிவிட்டார்.

திருப்புளி வழுக்கியது. கத்திமுனை வளைந்தது. கடைசியில் வீட்டுச் சாவியால் சுரண்டிச் சுரண்டி, விரல் சிவந்து, இரண்டு ஓட்டையையும் திறந்தாள். எரிச்சலுக்கு நடுவே ஒரு பெருமையும் வந்து தொலைத்தது. அப்பா பூசினதென்றால் சும்மாவா?

பொளக்கென்று தண்ணீர் இறங்கிச் சக்கரத்தடியில் ஓடியது. பிய்த்தெடுத்த பசையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அப்பா வந்ததும், "இப்ப நீங்க உள்ள உக்காருங்க" என்றாள்.

குழாய் அவள் கையில். பத்து நிமிடம் விடாமல் ஊற்றினாள். உள்ளே அப்பா ஃபேனின் வாய்க்கு அடியில் உள்ளங்கையை ஏந்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கை காய்ந்தே இருந்தது.

கதவைத் திறந்து, குனிந்து, சாவியைத் திருப்பினாள். மீட்டரில் விளக்குகள் எரிந்தன. பெட்ரோல் முள் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது.

அப்பா அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க என்னம்மா இருந்துச்சு?"

"இலைதான்ப்பா. சருகு அடைச்சுக்கிட்டிருந்துச்சு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இறங்கி, போனை எடுத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினார்.

"நாளைக்கு வர வேணாங்க. வண்டியைக் குடுக்கலை. மெக்கானிக்கா? எவனும் வரலை. என் பொண்ணுதான். ஆமா, அவளேதான்! நாலு மெக்கானிக் சேர்ந்தாலும் முடியாதுங்க அது!"

போனைப் பையில் போட்டார். பக்கத்து வீட்டு ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அவளருகே வந்து குரலைத் தணித்தார்.

"நான் பூசினா அவ்வளவு லேசுல பேராதே... எதை வச்சும்மா எடுத்தே?"