கிணற்றடியில் கிடந்த வளையம்

2025 ஓகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை. காலை எட்டரை மணிக்கு, மருதனார்மடத்து இரும்புக்கடையொன்றில், பத்துப்பேர் பார்த்திருக்க, உடுவிலில் தோட்டம் செய்யும் கமக்காரர் பரமலிங்கம் அவமானப்பட்டார்.

கிணற்றடியில் கண்டெடுத்த வளையத்தை நீரிறைக்கும் இயந்திரத்தின் இறப்பர் வாசர் என எண்ணி, "எங்கடை கிணத்தடியிலை கிடந்தது. இதைப்போலை இன்னொண்டு தாரும்" என்று அவர் நீட்டியதே பிழை.

பூட்டு வாங்க வந்திருந்த, மருந்து விற்கும் பாமசிக்காரர் சுபாஸ்கரன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தார். "அண்ணை, உது மெசின் சாமான் இல்லை. பிள்ளை தங்காமல் இருக்கப் பொம்பிளையள் உள்ளுக்கு வைக்கிறது."

மெதுவாகத்தான் சொன்னார். ஆயினும் கடை முழுவதும் கேட்டது.

"உங்கடை கிணத்திலை என்னவெல்லாம் ஊறுது அண்ணை!" என்றார் கடைக்காரர் சீவரத்தினம்.

பரமலிங்கத்துக்கு மூன்று பெண்பிள்ளைகள். ஆண்பிள்ளையொன்று வேண்டி, ஆறு வருடமாக வெள்ளிதோறும் தொண்டைமானாற்றுச் சந்நிதிக்குப் போய்வருபவர் அவர். அன்று கோயிலுக்குப் போக மனம் கூசிற்று. மோட்டார்சைக்கிளை வீட்டுக்குத் திருப்பினார். தாதியர் கல்லூரியில் படிக்கும் மூத்தவள் தக்சாயினி விடுமுறையில் வந்து மூன்று நாளே ஆகியிருந்தது.

"இஞ்சை வாடி. இது என்ன?"

அவள் முகம் வெளிறியது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். "குளிச்சது ஆறரைக்கு. இப்ப ஒம்பது. மூண்டு மணித்தியாலம் ஆகேல்லை அப்பா. பச்சைத்தண்ணியிலை கழுவித் திருப்பி வைச்சாச் சரி. சுடுதண்ணி மட்டும் கூடாது."

"நல்லாய்ப் பாடமாக்கி வைச்சிருக்கிறாய்! கலியாணம் கட்டாத பெட்டைக்கு உது என்னத்துக்கு? ஆரடி அவன்?"

தங்கையர் இருவரும் கதவு மறைவில் நின்றனர்.

"சந்தியிலை என்ரை மானம் போட்டுது. நீ வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறாய்!"

"அடியுங்கோ அப்பா. நான் சொல்லமாட்டன்."

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அடிப்பதற்கும் அவருக்கு வெட்கமாக இருந்தது. "இண்டையோடை உன்ரை படிப்பு முடிஞ்சுது. இனி இந்தப் படலையைத் தாண்டப்படாது."

சமையலறையில் தேங்காய் துருவும் ஓசை நின்றது. மனைவி பத்மாசினி வெளியே வந்தாள். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் கணவரை நிமிர்ந்து பார்த்துக் கதைத்தறியாதவள், அன்றும் நிமிரவில்லை. நிலத்தைப் பார்த்தபடியே கையை நீட்டினாள்.

வாசகரே, மகளை விசாரித்த அந்த மனிதருக்குப் பக்கத்தில் நின்று நீங்களும் கேளுங்கள்:

"உது என்ரை. தாங்கோ, நேரம் போகுது."