காசித்தும்பைத் தண்டு

பூ சிவந்ததாம். அதனால் புருஷன் செத்தது சாமி செயலாம். நன்றாக இருக்கிறது இவர்கள் நியாயம்!

பூவம்மாவின் மனசுதான் கொதித்தது. விளக்குக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

ராயபுரத்துச் சந்து முழுவதும் அவள் வாசலில் திரண்டிருந்தது. செத்துப்போன லோகநாதனின் விளக்குக்கு முன்னால், மண்சொம்பில், நேற்று சாயங்காலம் அவள் ஒடித்து வைத்த வெள்ளைக் காசித்தும்பை. காலையில் பார்த்தால் இதழுக்கு இதழ் நரம்போடிச் சிவந்திருந்தது.

பக்கத்து வீட்டுக் கெங்கம்மாதான் முதலில் பார்த்து அலறினாள். பிறகு கற்பூரம் வந்தது, தேங்காய் வந்தது. கடைசியில் எத்திராஜ் மேஸ்திரியும் வந்தான்.

துறைமுகத்துக்குக் கூலியாள் பிடித்து விடுகிறவன் இவன். பாரம் தூக்கும் சங்கிலியில் ஒரு வளையம் விரிசல் விட்டிருக்கிறது என்று லோகநாதன் இவனிடம்தான் போய்ச் சொன்னான். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்றான் இவன்.

சங்கிலி அறுந்தது. தேக்குக் கட்டைகள் லோகநாதன் மேல் இறங்கின.

இன்றைக்கு மத்தியானம் துறைமுகத்து வெள்ளைக்காரத் துரை இந்தச் சாவை விசாரிக்க வருகிறார்.

மேஸ்திரி பூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"பாத்தியா பூவம்மா, சாமியே சொல்லிக்கீது. அவன் வேள வந்துச்சு, பூட்டான். தொர கேட்டா இதையே சொல்லு, சங்கிலி மேல பழி போடாத. இன்னாம்மா, இவனுக்கு ஒரு கோயிலே கட்டிப்புடலாம்!"

கோயில்! ஒரு வளையம் மாற்றக் கை வராதவன் கோயில் கட்டுகிறானாம்.

வாசலில் நின்ற கூலியாட்கள் கும்பிட்டார்கள். பொங்கலுக்கு மேஸ்திரி எல்லோருக்கும் ஒரே துணித் தானில் கிழித்துக் கொடுத்த முண்டாசு அவர்கள் தலையில்.

பூவம்மா செடியைச் சொம்பிலிருந்து எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள்.

காசித்தும்பைத் தண்டு கண்ணாடி மாதிரி. உள்ளே ஓடுவது வெளியே தெரியும். மயிரிழை மயிரிழையாகச் சிவப்புக் கோடுகள் அடியிலிருந்து ஏறின. கணுவுக்குக் கணு பிரிந்து ஒன்று இலைக்குப் போனது, ஒன்று பூவுக்குப் போனது. நகத்தால் நுனியைக் கிள்ளினாள். வெட்டு வாயில் வட்டமாகச் சிவப்புப் புள்ளிகள். தண்ணீர் ஏறுவதற்கென்றே பதித்து வைத்த குழாய் வாய்கள்.

கீழே என்ன கிடக்கிறதோ, தண்டு அதைத்தான் மேலே கொண்டுபோகும். தன் பங்குக்கு ஒரு சொட்டுப் பொய் சேர்க்காது.

இத்தனை பேர் வந்தார்களே, ஒருத்தராவது சொம்புக்குள் எட்டிப் பார்த்தார்களா?

துறைமுகத்திலிருந்து லோகநாதன் உடலோடு திரும்பி வந்தது மேஸ்திரி கொடுத்த அந்த முண்டாசு ஒன்றுதான். நேற்று அதைச் சொம்புத் தண்ணீரில் முக்கினாள். தண்ணீர் சிவந்ததும் முதலில் ரத்தம் என்றுதான் நினைத்தாள். ரத்தம் இல்லை, சாயம். மட்டமான சாயம். வேலை முடிந்து வரும்போதெல்லாம் லோகநாதனின் நெற்றியில் வழிந்திருக்கும். "மேஸ்திரி புண்ணியத்துல தெனம் எனக்குக் கல்யாணக் கோலம்டி" என்று சிரிப்பான்.

அவன் வேர்வை இறங்கிய தண்ணீர். கொட்ட மனசு வரவில்லை. குழாயடியில் முளைத்திருந்த செடியை ஒடித்து வந்து அதிலேயே வைத்தாள்.

"இன்னாம்மா, சொல்லிடுவல்ல?" மேஸ்திரி குனிந்து கேட்டான்.

பூவம்மா அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். வாசலில் வெயில் ஏறியிருந்தது. கும்பிட்டு நின்றவர்களின் நெற்றியில் முண்டாசு ஓரத்திலிருந்து மயிரிழை மயிரிழையாகச் சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு இவன் மாட்டும் சங்கிலியின் கீழே நிற்கப் போகிறவர்கள்.

செடியைத் திரும்பச் சொம்பில் வைத்தாள். சொம்பை வெளிச்சம் விழும் இடத்துக்கு நகர்த்தினாள்.

"மாட்டேன் மேஸ்திரி" என்றாள்.