காலிக் குப்பி

"பென்சிலின் என் தம்பிக்கு ஆகாது" என்று ரெஜினா அவசரப் பிரிவில் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். ஆனாலும் ஊசி போட்டார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் அமல்ராஜின் உதடு நீலம் பாரித்து, மூச்சு நின்றது. இப்போது உள்ளே அவனுக்கு இயந்திரம்தான் மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தது. வெளியே தரையில் உட்கார்ந்திருந்த ரெஜினாவின் கைக்குள் அந்த மருந்தின் காலிக் குப்பி இருந்தது. ஊசித் தட்டிலிருந்து எடுத்தவள், மூடிய கையைத் திறக்கவே இல்லை.

மருத்துவமனை மேலாளர் குனிந்து கையை நீட்டினார். "அதக் குடுத்திருங்கம்மா. குப்பைக்குப் போறதுதானே?"

"குப்பைதானே, என்கிட்டயே கெடக்கட்டும்."

"அவருக்கு ஏற்கெனவே நெஞ்சு பலவீனம். மருந்தால ஒண்ணும் ஆகல."

"அதப் போலீஸ்ல வந்து சொல்லுங்க."

மேலாளர் காவலாளியைக் கூப்பிட்டார். அவன் நெருங்க, அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு முதுகைச் சுவரோடு அழுத்தினாள்.

அப்போது ஊசி போட்ட நர்ஸ் வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். "இந்தக்கா சொன்னத நான் டாக்டர்கிட்ட சொன்னேன் சார். பரவால்ல, போடுன்னுட்டார்."

"நீ உள்ள போம்மா" என்றார் மேலாளர்.

அவள் போகவில்லை. ரெஜினாவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.