ஐந்தாவது கேள்வி

"ஓட்டுச்சீட்டுல அந்த அஞ்சாவது கேள்விக்கு மட்டும் மறக்காம 'வேண்டாம்'னு போட்டுரும்மா," என்றார் டில்லார்ட், ஓட்டுச்சாவடியாக இருந்த சர்ச் வாசலில் வண்டியை நிறுத்தியபடி.

வெர்னெல் தலையாட்டினாள்.

அவருடைய நிலத்தில் வாடகைக்குப் பன்னிரண்டு டிரெய்லர் வீடுகள், சக்கரத்தின்மேல் நிற்கும் தகர வீடுகள். குடியிருப்பவர்களைக் காலையிலிருந்து மழையில் அவரே ஏற்றிவந்து ஓட்டுப் போட வைத்துக்கொண்டிருந்தார்.

"'சம்மதம்' ஜெயிச்சா நம்ம மாவட்ட கோர்ட் கட்டணத்த இனிமே அலபாமா சட்டசபைதான் முடிவு பண்ணுமாம். தாறுமாறா ஏத்திருவாங்க. கஷ்டப்படப்போறது யாரு? உங்கள மாதிரி ஆளுங்கதானே?"

நியாயமாகத்தான் பட்டது. வண்டியை வேகமாக ஓட்டிப் பிடிபட்ட அவள் கணவன், அபராதத்தைவிடக் கோர்ட் கட்டணம்தான் அதிகம் கட்டியிருந்தான்.

உள்ளே வரிசையில் இமொஜீன் நின்றிருந்தாள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். வெர்னெலைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டாள்.

"எனக்கு யாருமே சொல்லலியே," என்றாள் வெர்னெல்.

ஓட்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு தடுப்புக்குள் போனாள்.

ஐந்தாவது கேள்வியை இரண்டு முறை படித்தாள். கட்டணம் ஏறினால் நாளைக்கு அவள் வீட்டுக்கும்தான் ஏறும். அவள் அண்ணனுக்கும்தான். அது தெரிந்தேதான் 'சம்மதம்' என்ற வட்டத்தைக் கறுப்பாக்கினாள்.

வண்டியில் டில்லார்ட் ஹீட்டரை அவள் பக்கம் திருப்பிவிட்டார்.

"சொன்னபடி போட்டியா?"

"போட்டேங்கய்யா."

வழியெல்லாம் அவள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவரிடம் பொய் சொல்வது இதுதான் முதல் தடவை.

டிரெய்லர் வாசலில் அடுத்த நடைக்கு ஜுனிட்டா கைக்குழந்தையோடு காத்திருந்தாள். வெர்னெல் இறங்கிப் போய்க் குழந்தையை வாங்குவதுபோல் அவள் காதருகே குனிந்தாள்.

"இந்த நிலத்த சோலார் கம்பெனிக்கு வித்துட்டாரு. பத்திரம் பதிவாயிருச்சு, ஆளுங்கள காலி பண்ணிக் குடுக்குறது அவரு பொறுப்பாம். ஜூன்ல நம்ம வாடகை ஒப்பந்தம் முடிஞ்சதும், காலி பண்ணாதவங்க மேல வீட்டுக்கு ஒரு கேஸ் போடப்போறாரு. பன்னண்டு வீடு, பன்னண்டு கட்டணம். கேஸ் போடுற அந்த மனுஷன் கையிலேர்ந்துதான் கோர்ட்டுக்கு முதல்ல கட்டணும். அஞ்சாவதுக்குச் 'சம்மதம்'னு போடு."

ஜுனிட்டா திரும்பி வண்டியைப் பார்த்தாள்.

டில்லார்ட் இறங்கி, மழையில் நனைந்தபடி, அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.