பன்னிரண்டாவது கை

பர்கர் வந்ததும் மேசையில் பேச்சு அடங்கியது.

மூன்று நாளாக அந்தப் பன்னிரண்டு பேரும் ஏங்கியது இதற்குத்தான். ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்ல வந்த ஜூரிகளான அவர்களை அடைத்து வைத்திருந்த நீதிமன்ற அறையின் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது ஹார்க்னெஸ் மதுக்கூடம். இருநூறு வருடக் கட்டடம். தினமும் பதினோரு மணிக்கு அதன் அடுப்படியில் வெங்காயம் வதங்கும் வாசனை தெருவைத் தாண்டி மாடியேறி வந்துவிடும். உள்ளே இவர்களுக்குக் கிடைத்ததோ, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய காய்ந்த வான்கோழி சாண்ட்விச்.

அவர்களில் ஒருவனான வென்டெல் இரண்டு கையாலும் பர்கரை எடுத்துக் கடித்தான். கனமான மாட்டிறைச்சி, நடுவில் லேசாகச் சிவந்திருந்தது. சீஸ் உருகி மணிக்கட்டு வரை வழிந்தது.

நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததுதான் அவனைக் கூச வைத்தது.

ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் டாரியஸ் என்ற பத்தொன்பது வயதுப் பையன் எழுந்து நின்று தீர்ப்பைக் கேட்டான். இரவல் கோட்டு, கை நீளம் போதவில்லை. குற்றவாளி என்ற சொல் வந்ததும், சரியாகக் காதில் விழாதவன்போல வக்கீல் பக்கம் தலையைச் சாய்த்தான்.

சரக்கு வண்டிக்காரர் ஒருவரைக் கீழே தள்ளி, வண்டியில் இருந்ததைக் கொண்டுபோன வழக்கு. அந்த மனிதருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பார்த்ததாகச் சொன்னவர் ஒரே ஒருவர். அதுவும் மழையில், தெருவின் மறுபக்கத்திலிருந்து.

வென்டெல் இன்னொரு வாய் கடித்தான்.

ஜூரித் தலைவர் ஹாலரன் பியர் கோப்பையைத் தூக்கி எல்லோருக்கும் நன்றி சொன்னார். வீடு விற்றுக் கொடுக்கும் தரகர் அவர், இழுபறி பிடிக்காது. ஆனால் பன்னிரண்டு பேரும் ஒரே முடிவைச் சொன்னால்தான் தீர்ப்பு என்பதால் மூன்று நாளும் இழுபறிதான். பேர் போடாமல் எழுதிப் போட்ட வாக்குச் சீட்டுகளை ஒவ்வொரு தடவை பிரித்தபோதும் பதினொன்று குற்றவாளி என்றது, ஒன்று மட்டும் இல்லை என்றது. அதை எழுதியது நான்தான் என்று யாரும் சொல்லவில்லை. இன்று காலை வெங்காய வாசனை வந்த நேரம் பார்த்து, இனிமேல் சீட்டு வேண்டாம், கையைத் தூக்குங்கள், முடிந்தால் மதியச் சாப்பாடு எதிரே மதுக்கூடத்தில் என்றார். பன்னிரண்டு கையும் உயர்ந்தது. முடிந்துவிட்டது.

"இனிமே மறைக்க என்ன இருக்கு? மூணு நாளா நம்மளக் காயப்போட்ட அந்தப் புண்ணியவான் யாருப்பா?" என்று கேட்டார் ஹாலரன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கோராவாத்தான் இருக்கும், வாயே திறக்காத ஆள் அவதானே" என்றார் மேசைக் கோடியிலிருந்து ஒருவர்.

கோரா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள், அறுபதை நெருங்கியவள். பர்கரைக் கத்தியால் நான்காக நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து சிவந்தது.

வென்டெலும் சிரித்தான். மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரக்கவே.

கோரா கத்தியைக் கீழே வைத்தாள். "நான்தான்" என்றாள்.

மேசை ஓவென்று கத்தியது. ஹாலரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து காட்டினார். ஒருவர், அந்த சாண்ட்விச்சுகள் எல்லாவற்றுக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். இன்னொருவர் அவள் கையைக் குலுக்கி, கடைசியிலாவது புத்தி வந்ததே என்று பாராட்டினார். எல்லாவற்றுக்கும் அவள் தலையை ஆட்டினாள்.

வென்டெல் உருளை வறுவலை வினிகரில் தோய்த்துத் தின்றான். தலை நிமிரவில்லை. மேசையில் முதலில் காலியானது அவன் தட்டுதான்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கோரா எழுந்துபோனாள். நான்கு துண்டில் ஒன்றுகூடக் குறையவில்லை. கழிப்பறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வென்டெல் பின்னாலேயே வெளியே வந்தான்.

அவள் நிறுத்தத்தில் நின்று கழுத்துத் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க? அது நீங்க இல்ல" என்றான். "நான்."

"தெரியும். பக்கத்து நாற்காலிதானே. நீங்க எழுதினது கண்ணுல பட்டுச்சு."

அவன் திட்டுக்குக் காத்திருந்தான். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது. உள்ளே எல்லோர் முன்னாலும் வாய் திறக்காததற்கு மன்னிப்புக் கேட்டான். பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை என்பதுபோல அவள் கையை அசைத்தாள்.

"எனக்கும் முதல் நாள்லேர்ந்தே அந்தப் பையன் மேல தப்பு இருக்கிறதாத் தோணல, வென்டெல். எழுதத்தான் தைரியம் வரல. இன்னைக்கு எழுதிடணும்னுதான் வந்தேன்" என்றாள். பஸ் வருகிறதா என்று தெருமுனையைப் பார்த்தாள். "அதுக்குள்ள கையத் தூக்கச் சொல்லிட்டாரு. நான் உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க தூக்கலேன்னா நானும் தூக்கக் கூடாதுன்னு."

பஸ் வந்து நின்றது. அவள் கம்பியைப் பிடித்து ஏறினாள்.

வென்டெல் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். எண்ணெய் போகவில்லை. மறுபடியும் துடைத்தான்.